வெயிலுக்கும் ஒரு வாய்தா

இன்னா நைனா, மூஞ்சி மாரிக்குப்பம் ரயில்ல நசுங்கின டிபன் பாக்ஸ் கணக்கா கீது? வெயிலா? வெயில்னு சொல்லு, தப்பில்ல. வெப்ப அலைன்னு மட்டும் வாய் தவறிச் சொல்லிடாத. சமவெளியில 40 டிகிரி தொட்டாத்தான் அந்தப் பேரு வெக்கலாம்னு வானிலை இலாகா சட்டம். கடலோரத்துக்கு 37, மலை ஊருக்கு 30. நம்ம கோலார் தங்கவயல் சாம்பியன் ரீப்ஸ் கிட்டத்தட்ட 2,800 அடி மேட்டுல குந்திகினு கீது, ஆனா மலைன்னு யாரும் ஒத்துக்க மாட்டாங்க. 38 அடிச்சி நாக்கு வெளிய வந்தாலும் இன்னும் ரெண்டு டிகிரி பாக்கி. பாக்கி தீர்ற வரைக்கும் வேர்த்துகினு இரு.

குளுருக்காக குட்டி இங்கிலாந்துன்னு வெள்ளைக்காரன் கொஞ்சின ஊரு இது. இப்ப நெலமையைக் கேளு. 1901-லேர்ந்து எழுதி வெச்ச கணக்குல நம்ம தேசத்துக்கு 2024 தான் ரொம்ப சூடான வருசம்னு அதே இலாகாதான் சொல்லிச்சி. உலகக் கணக்கும் அதே பாட்டுதான் பாடுது: கரிப்புகை பெருகறதுக்கு முந்தின காலத்தைவிட ஒண்ணரை டிகிரிக்கு மேல ஏறிப்போச்சாம்.

சூட்டைப் பத்தி எங்கிட்ட பேசணும்னா, நம்ம சுரங்கம் ஓடின காலத்துல கேஜ்ல ஏறி பத்தாயிரம் அடி கீழ போயிட்டு வந்திருக்கணும். அங்க பாறையோட சூடே 60 டிகிரியைத் தாண்டும். கம்பெனிக்காரன் மேல மெஷின் வெச்சி, காத்தைக் குளுரப் பண்ணிக் கீழ அனுப்பினான். காத்து அளக்க ஒருத்தரு வருவாரு. கைப்பிடி போட்ட சட்டம், அதுல ரெண்டு தெர்மாமீட்டர், ஒண்ணோட மூக்குல மட்டும் ஈரத்துணி. கிறுகிறுன்னு சுத்திட்டு ரெண்டையும் பாப்பாரு. ரெண்டு எண்ணுக்கும் நடுவுல நல்ல இடைவெளி இருந்தா வேர்வை காயும், ஆளு தாங்குவான். ரெண்டும் கிட்டக் கிட்ட வந்துடுச்சா, வேர்வை ஒழுகுமே தவிர காயாது, ஒடம்புக்குள்ள சூடு ஏறிகினே போவும். ஈரத்துணி 35 காட்டிச்சின்னா, நிழல்ல சும்மா குந்தினு இருக்கறவனையே சாச்சிடும்னு விஞ்ஞானிங்க சொல்றாங்க. உன் போன்ல அந்த ரெண்டாவது எண் எங்கனா கீதா, தேடிப் பாரு.

துரைக்கு நம்ம மேல அம்மாம் பாசமான்னு கேக்காத. ஆளு மயங்கி விழுந்தா தங்கம் மேல வராது, அவ்ளோதான். அதனால சர்க்காருக்கு மனு எழுதறதா இருந்தா நான் சொல்ற மாதிரி எழுது. ரோட்டுல தார் ஊத்தறவன் காலடியில, செங்கல் சூளைக்காரன் காலடியில தங்கம் ஓடுதாம்னு ஒரு புரளி கெளப்பி வுடு. மறுநாளே குளுந்த காத்து வருதா இல்லையா பாரு.

சர்க்கார் ஒண்ணுமே செய்யலன்னு நான் சொல்ல மாட்டேன். 2008-ல எட்டு இயக்கம் சேத்து தேசியத் திட்டம் போட்டாங்க. அதுல சூரியன் சமாச்சாரம் மெய்யாவே ஓடிச்சி. பாவகடா பக்கம் போனீனா 2,050 மெகாவாட்டுக்குப் பலகை பரப்பி வெச்சிருக்கான். ஆனா புகையில்லாத கரண்டு நமக்குப் புதுசா? 1902-லயே காவேரித் தண்ணி சிவனசமுத்திரத்துல சக்கரம் சுத்தி, நூத்தம்பது கிலோமீட்டர் கம்பி வழியா இங்க வந்துச்சி. பெங்களூருக்கே 1905-லதான். துரை பங்களாவுல பல்பு எரிஞ்சப்ப, எங்க தாத்தன் லைன் வீட்டுல சிம்னி துடைச்சிகினு இருந்தாரு. அது கிடக்கட்டும்.

2021-ல கிளாஸ்கோவுல பிரதமர் சொன்னாரு, 2070-க்குள்ள புகைக் கணக்கை நிகர பூஜ்யமாக்கிடுவோம்னு. சீனாக்காரன் 2060-ன்னான், நாம மேல பத்து வருசம் வாய்தா வாங்கிகினோம். எனக்கு அவநம்பிக்கை கிடையாது நைனா. 2001 பிப்ரவரி 28-ல நம்ம சுரங்கத்தை மூடினாங்க. தேர்தலுக்குத் தேர்தல் தொறக்கறோங்கறாங்க, நானும் ஹெல்மெட்டைத் துடைச்சி வெச்சிகினு ரெடியாத்தான் கீறேன். 2070-க்கும் வந்துடறேன், எனக்கும் சேத்து ஒரு டோக்கன் போட்டு வை.

மரம் நடப் போறியா? நல்ல புத்தி. 1980-கள்ல சமூகக் காடு வளக்கறோம்னு கோலார் மாவட்டம் பூரா தைல மரம் நட வெச்சது சர்க்கார்தான். நிலத்தடித் தண்ணியை உறிஞ்சுதுன்னு 2017-ல இனி நடக்கூடாதுன்னு தடை போட்டதும் அதே சர்க்கார்தான். ஏரிங்க காஞ்சி போச்சேன்னு, 2018-லேர்ந்து பெங்களூர்க்காரன் குளிச்ச தண்ணியைச் சுத்தம் பண்ணிக் குழாயில அனுப்பறாங்க. ஏரி ரொம்பி கெணத்துல ஊத்து வந்துச்சிங்கறான் குடியானவன். அந்தத் தண்ணி ஆகுமான்னு கோர்ட்டு வரைக்கும் போனவங்களும் உண்டு. இப்ப அம்மா பேருல ஒரு மரம் நடச் சொல்றாங்க. நடு. இன்னா கன்னுன்னு மட்டும் கேட்டுகினு நடு, உங்கம்மா பேரு கெட்டுடப் போவுது.

அப்புறம், மாசத் தவணையில ஏசி வாங்கறேன்னு ஆயாகிட்ட சொன்னியாமே? வாங்கு. குளுரு உனக்கு, சூடு சந்துக்கு. எதிர் வரிசை வாசலைப் பாத்து அந்தப் பெட்டியை மாட்டினீனா எதிர்வீட்டு அக்கா சும்மா இருக்குமா? அதுவும் தவணையில ஒண்ணு வாங்கி உன் வாசலைப் பாத்துத் திருப்பும். எதுக்கு வம்பு? கவுன்சிலர் வீட்டைப் பாத்து மாட்டு. நாலே நாள்ல நடவடிக்கை வரும். ஆனா அவரு இன்னும் அதே வீட்டுலதான் கீறாரான்னு மொதல்ல வெசாரிச்சிக்கோ. எலெக்‌ஷன் முடிஞ்ச கையோட பெங்களூருக்கு வீடு மாத்திகினு போயிருக்கப் போறாரு.