எழுபது வளைவும் ஒரு கிழங்கும்

வாப்பா பேராண்டி, வா. அந்தச் சைக்கிளைத் திண்ணையில சாத்து. ஆட்டுக்குட்டி மாதிரி ஒத்தக் கையில தூக்கிட்டு வர்றியே, இதுக்கா ஒரு சோடி காளை விலை குடுத்த? காரியர் இல்ல, ஸ்டாண்டு இல்ல, மட்கார்டு இல்ல, பெல்லும் இல்ல. ஒண்ணொண்ணாக் கழட்டக் கழட்ட விலை ஏறும்னா கொல்லையில கெடக்குற என் வண்டி லச்ச ரூவா பெறும். அதுல சீட்டே கெடையாது.

கொல்லிமலை ஏறப் போறியாமே? அதுவும் காரவள்ளியில இருந்து, 70 கொண்டை ஊசி வளைவு உள்ள பாதையில. நல்லது. நம்ம திருமயத்துல மேடுன்னா கோட்டைப் பாறை ஒண்ணுதான். 1687-ல சேதுபதி கட்டுன கோட்டை அது. அந்த உச்சிக்கு பீரங்கிய ஏத்துனவன்கூட இம்புட்டு இறுக்கமா காச்சட்டை போட்டிருக்க மாட்டான்.

சரி, போறவனுக்குப் புத்தி சொல்றது கெழவன் கடமை. கேட்டுக்க.

வளைவுக்கு வளைவு நம்பர் போட்டுப் பலகை நட்டிருப்பாக. அதை எண்ணாத. கடன் நோட்டை எண்ணுனவன் எவன் நிம்மதியா இருந்தான்? வளைவோட உள்மடிதான் செங்குத்தா நிக்கும். அங்க போயி கியரோட மல்லுக்கட்டாத, செயின் கழண்டு தொங்கும். முன்கூட்டியே லேசாக்கிக்க.

அது வல்வில் ஓரி ஆண்ட மலை. ஒரே அம்புல ஆனை, புலி, மான், பன்றி, உடும்பு அஞ்சையும் தச்சானாம். உனக்கு ஒரே முள்ளு போதும். பம்பும் மாத்து ட்யூப்பும் மறக்காத. பாதி ஏத்தத்துல எவளோ உன்னப் பாத்துச் சிரிக்கிற மாதிரித் தெரிஞ்சா கொல்லிப்பாவைன்னு மயங்கிறாத. அது பசி மயக்கம். கீழ எறங்கி ரெண்டு கடலை மிட்டாயக் கடி.

எறங்கித் தள்ளுறது கேவலமா? உங்க அப்பத்தாளக் கேளு. 1991-ல அறிவொளி இயக்கம் வந்துச்சு. ஷீலா ராணி சுங்கத் அம்மாதான் அப்ப கலெக்டர். நம்ம ஜில்லாப் பொம்பளைகளுக்கு எழுத்தோட சைக்கிளும் சேத்துக் கத்துக் குடுத்தாக. மறு வருசம் மகளிர் தினத்துல 1,500 பேருக்கு மேல பெல்லடிச்சுக்கிட்டுப் புதுக்கோட்டைத் தெருவுல போனாக. லேடீஸ் சைக்கிளுக்கு அப்பத் தட்டுப்பாடு. அதனால என்ன, ஆம்பளைச் சைக்கிளே தேவலைன்னாளுக. முன்னாடி பார்ல புள்ளைய வைக்கலாம்ல!

அந்தப் பார்ல உக்காந்து வளந்தவன்தான் உங்கப்பன். நான் அப்ப இதே திண்ணையில உக்காந்து, "விழுவா பாரு"ன்னு சிரிச்சேன். விழுந்தா, எந்திரிச்சா. மேடு வந்தாத் தள்ளுனா, பள்ளம் வந்தா ஏறுனா. பத்தாம் நாளு சந்தைக்குப் போனப்ப அவ காரியர்ல உக்காந்திருந்தது நானு. எதுர வந்தவனெல்லாம் சிரிச்சான். கால் வலிக்கலையேன்னு நானும் சிரிச்சேன்.

ஏறுறது நெஞ்சுக்கு வேலை, எறங்குறதுதான் புத்திக்கு. பிரேக்கைப் பிடிச்ச பிடி விடாம எறங்குனா ரிம்மு தோசைக்கல்லாக் காயும், டயரு வெடிக்கும். வளைவுக்கு முன்னாடி அமுக்கு, வளைவுல விடு. உன் இடப்பக்கத்த விட்டு நகராத. திருப்பத்துக்கு அந்தாண்ட பஸ்ஸு வரும். பெல்லு இல்லாதவன் என்ன பண்ணுவ? தொண்டையக் காட்டிக் கத்துவியா?

கடைசியா ஒரு சின்ன வேலை. மலை மேல முடவாட்டுக்கால் கிழங்கு விப்பாக. கம்பளி போத்துன ஆட்டுக்கால் மாதிரி இருக்கும். சூப்பு வச்சுக் குடிச்சா மூட்டுவலிக்குக் கேக்கும்பாக. எனக்கு ரெண்டு கிலோ வாங்கியா. ஏறி எறங்குன பெறகு உனக்கும் தேவைப்படும், நாலாவே வாங்கு.

அதை எங்கடா கட்டிக் கொண்டாருவ? உம் மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?

கொல்லையில அப்பத்தா வண்டி நிக்குது. காரியரும் இருக்கு, பெல்லும் அடிக்கும். காத்து மட்டும் அடிச்சுக்க.