சீசன் தம்பதி

ஆண்டுதோறும் ஜூன் முதல் ஆகஸ்டுக்குள் இரண்டு மூன்று நாள் குற்றாலத்தில் தங்கி, இருக்கிற அருவிகள் அத்தனையிலும் தலையை நனைத்துவிட்டுப் போகும் கணவன் மனைவிக்குச் சீசன் தம்பதி என்று பெயர். கோவில்பட்டி, ராஜபாளையம், திருநெல்வேலி, மதுரை ஆகிய ஊர்களில் இவர்கள் மிகுதி. வயது நாற்பத்தைந்துக்கு மேல். பிள்ளைகள் வளர்ந்து, "நீங்க போயிட்டு வாங்க, நாங்க வரல" என்று சொன்ன பிறகுதான் இந்த இனம் முழு உருவம் பெறுகிறது. தேனிலவுக்காரர்களும் வேன் பிடித்து வரும் இளவட்டங்களும் இதில் சேரமாட்டார்கள். அவர்கள் குளிக்க வருகிறவர்கள். சீசன் தம்பதி கணக்கு முடிக்க வருகிறவர்கள்.

வெளிநாட்டில் இவர்களுக்குப் பங்காளிகள் உண்டு. ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேற்பட்ட மலைகளை ஒவ்வொன்றாக ஏறி முடிப்பதே வாழ்நாள் வேலை என்று திரிகிறவர்கள் இருக்கிறார்கள். ஹியூ மன்ரோ என்பவர் 1891இல் போட்ட பட்டியல் அவர்களுக்கு வேதம். இன்றைய கணக்கில் 282 மலைகள். அமெரிக்காவில் விடுமுறைதோறும் கலங்கரை விளக்கம் தேடிப் போகும் தம்பதிகள், பாஸ்போர்ட் மாதிரி ஒரு சிறு புத்தகத்தில் விளக்குக்கு ஒரு முத்திரை குத்திக்கொள்கிறார்கள். மலையும் விளக்கும் வைத்த இடத்தில் இருக்கும், போனால் பார்க்கலாம். குற்றாலத்தில் அந்த உத்தரவாதம் கிடையாது. நாள் தப்பாமல் வந்தால் அருவி, ஒரு வாரம் முந்தினால் வெறும் பாறை, ஒரு மழை கூடினால் போலீஸ்.

ஆகவே பயணம் தண்ணீர் விசாரிப்பதில் தொடங்குகிறது. கேரளத்தில் பருவமழை இறங்கியது என்று செய்தி வந்த மறுநாளே கணவர், தங்கும் விடுதிக்காரருக்குப் போன் போடுவார். "தண்ணி எப்படி விழுது?" "நல்லா விழுது அண்ணாச்சி, கெளம்பி வாங்க." விடுதிக்காரர் இந்தப் பதிலை மாற்றியதாக வரலாறு இல்லை. மனைவிக்கு இதில் நம்பிக்கை கிடையாது. தென்காசியில் வாக்கப்பட்ட சித்தி மகளைக் கேட்பார். அவள் மாடிக்குப் போய் மேற்கே மலையைப் பார்த்து, முகில் இறங்கியிருக்கிறதா, சாரல் அடிக்கிறதா என்று சொல்லுவாள். கடைசியில் இந்தத் தகவலின்படிதான் பை கட்டப்படும்.

அருவி எத்தனை என்பதில் தம்பதிக்குள் உடன்பாடு இருந்ததில்லை. கணவர் கணக்கில் ஒன்பது: பேரருவி, சிற்றருவி, செண்பகாதேவி, தேனருவி, ஐந்தருவி, பழத்தோட்ட அருவி, புலியருவி, பழைய குற்றாலம், மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துப் பாலருவி. மனைவி கணக்கில் ஐந்து. மலைமேல் இருக்கும் செண்பகாதேவிக்கும் தேனருவிக்கும் வனத்துறை சுற்றுலாப் பயணிகளை விடுவதில்லை. பழத்தோட்டத்தில் இருப்பது பெரிய மனிதர்களுக்கான அருவி. பாலருவி அடுத்த மாநிலம். "கல்யாணத்துக்கு முந்தி தேனருவி வரைக்கும் ஏறியிருக்கேன்" என்பது கணவரின் நிரந்தர வாதம். கல்யாணத்துக்கு முந்தியது எதுவும் குடும்பக் கணக்கில் வராது என்பது மனைவியின் நிரந்தரத் தீர்ப்பு. ஐந்தருவியை ஒன்றாக எண்ணுவதா ஐந்தாக எண்ணுவதா என்ற வழக்கு தனி.

இந்தப் பொழுதுபோக்கு இருவருக்கும் பொது என்றாலும், அருவி வாசல் வரைக்கும்தான் அது பொது. பேரருவியில் பெண்கள் பக்கம் வேறு, ஆண்கள் பக்கம் வேறு, ஐந்தருவியிலும் அப்படியே. அங்கே தம்பதி பிரிக்கப்படுகிறது. அது போதாதென்று பை இருக்கிறது. இரண்டு செல்போன், பர்ஸ், கழற்றி வைத்த வளையல், மூக்குக்கண்ணாடி, உலர்ந்த துணி எல்லாம் அதற்குள்தான். சுவரில் உட்கார்ந்திருக்கும் குரங்கு, எந்தப் பையில் வாழைப்பழம் என்பதைத் திறக்காமலே அறியும். ஆகவே ஒருவர் குளிக்க, ஒருவர் பை காக்க வேண்டும். இருபத்தைந்து ஆண்டு ஒரே அருவிகளுக்கு ஒன்றாக வந்துபோன தம்பதி, ஒருவரையொருவர் தண்ணீருக்குள் பார்த்ததே இல்லை. நடந்ததை வாய்மொழியாக அறிவதே வழக்கம்.

"எப்படி விழுது?"

"தோள்ல சம்மட்டி எடுத்து அடிச்ச மாதிரி."

"அந்தப் பக்கம் அவ்வளவு இல்ல. கூட்டந்தான்."

காக்கும் நேரத்தில் கணவரின் தோற்றம் தனியாகக் குறிக்கத்தக்கது. தோளில் மனைவியின் கைப்பை. கையில் மனைவியின் செருப்பு, இரண்டு விரலில் தொங்கும். தான் முதலில் குளித்து வந்ததால் இடுப்பில் ஈர வேட்டி, தலையில் துண்டு. மூக்குக்கண்ணாடி பைக்குள் துணிக்கு அடியில் போய்விட்டது. கிளறினால் வளையல் விழுந்துவிடும் என்ற பயத்தில் எடுப்பதில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் நனைந்த நைட்டியும் நனைந்த தலையுமாக ஒரே சாயலில் தெரிய, மூன்று பேரைப் பார்த்து "இங்க, இங்க" என்று கை காட்டி, மூன்று பேரிடமும் முறைப்பு வாங்குவார். நான்காவதாக வருகிறவரும் முறைப்பார். அவர்தான் மனைவி.

இந்தத் தேடலுக்கு இந்த மண்ணிலேயே ஒரு முன்னோடி உண்டு. பக்கத்து மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சியில், குறி சொல்லப் போன சிங்கியைக் காணாமல் சிங்கன் ஊர் ஊராகத் தேடி அலைகிறான். கண்டுபிடித்ததும் அவள் மேல் புதிதாக ஏறியிருக்கும் நகைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, இது என்ன, அது என்ன என்று கேட்கிறான். அவளும் சளைக்காமல் பதில் சொல்கிறாள். இந்த நூலுக்காக மதுரை நாயக்க மன்னர் கவிராயருக்கு நிலம் கொடுத்தார். அந்த இடத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர். சீசன் கணவரும் மனைவியைக் கண்டுபிடித்ததும் அதே கேள்விகளைத்தான் கேட்கிறார். இவர் குளித்த இடைவெளியில், மனைவி பை காத்த இடத்திலேயே, மங்குஸ்தான் ஒரு கிலோ, நேந்திரங்காய் சிப்ஸ் இரண்டு பாக்கெட், எதற்கென்று தெரியாத பிளாஸ்டிக் கூடை ஒன்று என்று பை பெருத்திருக்கும்.

மாலையில் பிரானூர் பார்டருக்குப் போய்ப் பரோட்டாவும் கோழியும் சாப்பிடுவது கட்டாயச் சடங்கு. பக்கத்துச் செங்கோட்டை முன்பு திருவிதாங்கூரோடு இருந்தது, எல்லை இங்கேதான். 1956 நவம்பர் 1இல் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. பார்டர் போய்விட்டது, பரோட்டா போகவில்லை.

கடும் சோதனை தடை நாள். மலையில் கனமழை பெய்து, பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்தால் போலீஸ் விசில் ஊதி எல்லாரையும் வெளியேற்றிவிடும். முதல் மணி நேரம் கயிற்றுக்கு வெளியே நின்று பார்ப்பதில் கழியும். அடுத்த ஒரு மணி நேரம், போன வாரமே வந்திருக்கலாம் என்பது யார் சொன்ன யோசனை என்ற விசாரணையில் கழியும். அனுபவப்பட்ட தம்பதிகள் மூன்றாம் மணியில் செங்கோட்டைக்குப் போய்க் கொல்லம் ரயிலைப் பிடித்துவிடுவார்கள். 1904இல் மீட்டர் கேஜாகத் திறந்து, 2018இல் அகலப்பாதையாக முழுதும் ஓடத் தொடங்கிய தடம் அது. குகை, பதிமூன்று கண் பாலம் எல்லாம் கடந்து கொல்லம் போனால் தங்கச்சேரியில் 1902இல் கட்டிய கலங்கரை விளக்கம், சிவப்பும் வெள்ளையும் சாய்வாகச் சுற்றிய கோடுகளோடு நிற்கிறது. ஊர் வழக்கில் லைட் ஹவுஸ்.

இங்கே ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் கிடையாது. ஒரே டிக்கெட் கவுன்டர், ஒரே வாசல், மேலே ஒரே பால்கனி. குரங்கு இல்லை. கணவர் இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டுத் திரும்பினால், மனைவி அடிச்சுவர் நிழலில் உட்கார்ந்து பையை மடியில் வைத்திருப்பார்.

"நீங்க மொதல்ல போயிட்டு வாங்க. நான் பை பாத்துக்கிடுதேன்."

அவர் போய் வருவார். பிறகு அவர் பையை வாங்கிக்கொள்ள, மனைவி போய் வருவார்.

"மேல காத்து எப்படி?"

"நல்லா அடிக்கி."