ஊசி முறிந்தால் துணியையா கிழிப்பது?

அவிநாசிபாளையத்துப் பக்கம் நிட்டிங் மெஷினில் ஓர் ஊசி முறிந்தால் துணி நெடுகக் கோடு விழும். ஊசியை மாற்றுவார்களே ஒழிய, நேற்று ஓட்டிய நல்ல ரோலைக் கிழிப்பதில்லை. படைகளுக்கு இந்தப் பனியன் கணக்கு பிடிபடவில்லை போலும். கொரோனா ஊசி வேண்டாம் என்ற 9 பேரில், நோட்டீசுக்குப் பதில் தராத ஒருவரை நீக்கிவிட்டதாக 2021-இல் நம் விமானப்படை குஜராத் உயர் நீதிமன்றத்தில் சொன்னது. அமெரிக்கப் படைகளிலோ ஊசி மறுத்த 8,000 பேருக்கு மேற்பட்டோரை வெளியே அனுப்பினார்கள். பலருக்குச் சேவைக்கான படிப்புச் சலுகையும் போயிற்று. 2023 ஜனவரியில் அந்த ஊசிக் கட்டளையே வாபஸ்! கட்டளையை மீறியவரைச் சும்மா விடுவதா என்பீர்கள். விட வேண்டாம், ஒருவர் இருமினால் முகாமே படுத்துவிடும். அதற்குத்தான் வேலை போயிற்றே. அதற்கு முன் சீருடையில் நின்ற வருஷங்கள் யார் மேல் இருமின? பென்ஷனே இல்லாத பீஸ் ரேட்டுக்காரர் சண்டை போட்டு வேலையை விட்டு நின்றாலும், சனிக்கிழமையானால் தைத்த வரைக்கும் கூலியை எண்ணித் தந்துவிடுகிறார்கள்.