துப்பாக்கி பெற்ற பிள்ளை

சினிமா கேமராவுக்கு அப்பன் யார் என்று கேட்டால் எடிசன் கை தூக்குவார். லூமியேர் சகோதரர்கள் நான்கு கைகளையும் தூக்குவார்கள். குடும்ப மரத்தைக் கொஞ்சம் உலுக்கினால் மேலிருந்து விழுவது ஒரு துப்பாக்கி.

கதை தொடங்குவது நம்ம பக்கத்தில்தான். 1868-இல் சூரிய கிரகணம் பார்க்க பிரெஞ்சு வானியலாளர் ழூல் ஜான்சென் வந்திறங்கிய இடம், அன்றைய மதராஸ் மாகாணத்துக் குண்டூர். ஊர்ப் பெயர் மனசில் தங்கிவிட்டதோ என்னவோ, 1874-இல் சூரியனைக் கடக்கும் வெள்ளியைப் படம்பிடிக்க ஜப்பானுக்கு அவர் கொண்டுபோனது ஒரு ‘ரிவால்வர்’. குண்டுக்குப் பதில் சுழலும் தட்டு. 72 விநாடியில் 48 படம்.

அந்த யோசனையைப் பிடித்துக்கொண்ட எத்தியேன் ழூல் மாரே என்பவர், 1882-இல் அச்சு அசல் துப்பாக்கி மாதிரியே ஒரு கேமரா செய்தார். விசையை அழுத்தினால் விநாடிக்கு 12 படம். நேப்பிள்ஸ் பக்கம் பறவைகளைக் குறிவைத்து அலைந்தார். மனுஷன் துப்பாக்கியோடு போகிறார், வெடிச் சத்தமே இல்லை, ஒரு குருவிகூட விழவில்லை, ஆனாலும் பெண் பார்த்துவிட்டு வந்தவர் போலச் சிரித்துக்கொண்டு திரும்புகிறார். கிறுக்கு என்று ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது.

பிள்ளை நடக்கப் பழகியதும் அப்பனைத்தான் படமெடுத்தது. 1894-இல் எடிசன் ஸ்டூடியோவில் ஆனி ஓக்லி துப்பாக்கியால் கண்ணாடி உருண்டைகளை உடைத்துக் காட்டினார். அதைப் பார்க்க, ஆளுக்கொரு பெட்டியில் குனிந்து ஓட்டை வழியே எட்டிப் பார்க்க வேண்டும். இந்த ஓட்டையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் யூடியூப் வந்தது. துப்பாக்கிக் குண்டில் தர்பூசணி சிதறுவதை ஸ்லோ மோஷனில் பார்க்க அமெரிக்காவில் லட்சக்கணக்கானோர் காத்திருந்தார்கள். 2018 பிப்ரவரியில் ஃப்ளோரிடாவின் பார்க்லாண்ட் பள்ளியில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதமே யூடியூப், துப்பாக்கி விற்கும் தளங்களுக்கு இணைப்புக் கொடுக்காதே, துப்பாக்கி செய்யக் கற்றுத்தராதே என்று அப்பனின் பெட்டி படுக்கையைத் திண்ணைக்குத் தள்ளியது.

துப்பாக்கி வீடியோ போடுபவர்களில் ரோஷக்காரர்கள் கிளம்பினார்கள். ரைஃபிள் மேல் சேற்றைக் கொட்டி, இனியும் சுடுமா என்று சோதிக்கும் ‘இன்ரேஞ்ச் டிவி’ சேனல் புகுந்த வீடு எது தெரியுமா? போர்ன்ஹப் என்ற ஆபாசப் படத் தளம். அந்த வீட்டில் அவ்வளவு துணி உடுத்திக்கொண்டு அதுவரை யாரும் வந்திருக்க மாட்டார்கள். 1894-இல் ஓட்டை வழியே தொடங்கிய பயணம், சுற்றிச் சுற்றி எட்டிப் பார்ப்பவர்களிடமே போய்ச் சேர்ந்தது.

தன்மானம் அதிகமுள்ளவர்கள் தனிக்குடித்தனம் போனார்கள். துப்பாக்கி வீடியோக்களுக்கென்றே ‘ஃபுல்30’ என்ற தளம் முன்பே இருந்தது. 30 ரவுண்டு மேகசினை நிரப்பியவர்களுக்குப் பெயர்க்காரணம் சொல்லத் தேவையில்லை. ‘கன்ஸ்ட்ரீமர்’ பிறகு சேர்ந்தது. அங்கே சட்டதிட்டத் தொல்லை குறைவு, கூட்டமும் குறைவு. பந்தியில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் பங்காளிகள். பூனை வீடியோ தேடி வந்து வழிதவறி உள்ளே நுழைய ஓர் அப்பாவிகூட இல்லை. அதனால் பலர் தனிவீட்டில் விளக்கேற்றிவிட்டு, சாப்பாட்டுக்குப் பிள்ளை வீட்டுக்கே வந்துபோனார்கள்.

பிள்ளையும் ஒன்றும் முழுசாக உறவை அறுத்துக்கொள்ளவில்லை. இனிஷியல் இன்னும் அப்பனுடையதுதான். கோடம்பாக்கத்திலும் ஹாலிவுட்டிலும் காலையில் கிளம்புவது ‘ஷூட்டிங்’குக்கு, சரியாக வந்துவிட்டால் ‘ஷாட் ஓகே!’