ஊமைப் பிள்ளையின் தீர்ப்பு

பாண்டிய நாட்டில் பன்னிரண்டு வருஷப் பஞ்சம். மன்னன் புலவர்களை அழைத்து, "சோறு போட வழியில்லை, எங்காவது போய்ப் பிழைத்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட்டான். மழை பெய்த பிறகு ஆள் விட்டுத் தேடினால் எழுத்ததிகாரம் படித்தவன் வந்தான், சொல்லதிகாரம் படித்தவன் வந்தான். பொருளதிகாரம் படித்தவன் ஒருத்தனும் திரும்பவில்லை. அப்போதே கப்பலும் ஆள் பிடிக்கும் கங்காணியும் இருந்திருந்தால், அவர்கள் மலாயாவின் லுக்குட்டில் பால்மரம் சீவிக்கொண்டிருந்திருப்பார்கள்.

மன்னன் கவலையில் கிடக்க, மதுரை ஆலவாய்ச் சிவபெருமானே 60 சூத்திரம் எழுதி, செப்பேட்டைத் தன் பீடத்துக்கு அடியில் போட்டுவிட்டார். கையில் கொடுக்கவில்லை, முன்னுரையும் இல்லை. பீடத்தடியைக் கூட்ட வந்தவர் கண்டெடுத்தார். இறையனார் களவியல் உரை சொல்லும் கதை இது.

உடனே சங்கப் புலவர்கள் 49 பேரும் ஆளுக்கோர் உரை எழுதிவிட்டார்கள். சூத்திரம் எழுதியவர் பக்கத்துக் கோயிலில்தான் இருக்கிறார். 'நான் சொல்ல வந்தது இதுதான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் சண்டை தீர்ந்தது. சொல்லவில்லை. பெண் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்ற வழக்கில் பட்ட சூடு போலிருக்கிறது. ஏழை தருமிக்கு எழுதிக் கொடுத்த பாட்டுக்குத் தானே பொருள் சொல்லப் போய், புலவர் நக்கீரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் அல்லவா? நெற்றிக்கண்ணைத் திறந்தும் அந்த மனுஷர் மசியவில்லை. வெந்துபோய்ப் பொற்றாமரைக் குளத்தில் விழுந்ததுதான் மிச்சம். 1965-இல் 'திருவிளையாடல்' படத்தில் இயக்குநர் ஏ.பி. நாகராஜனே நக்கீரராக வந்து, சிவனாக நடித்த சிவாஜியோடு மல்லுக்கு நின்றதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

வேடிக்கை என்னவென்றால், அந்த 49 பேரில் நக்கீரரும் ஒருவர். ஒரு கதையில் சிவனின் பாட்டை உடைத்தவர், இன்னொரு கதையில் சிவனின் சூத்திரத்துக்குப் பணிவாக உரை எழுதுகிறார். கட்டுடைப்பும் பொருள்கோளியலும் ஒரே வீட்டில் குடித்தனம்.

வெள்ளைக்காரர்கள் இதற்கு இரண்டு ஆட்களை வைத்தார்கள். 1981 ஏப்ரல், பாரிஸ் கதே நிலையம். பொருள்கோளியல் பக்கம் 81 வயது ஜெர்மன் தத்துவவாதி கடாமர், கட்டுடைப்புப் பக்கம் 50 வயது பிரெஞ்சுத் தத்துவவாதி தெரிதா. புரிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் நல்லெண்ணம் வேண்டும் என்பது பெரியவர் கட்சி. அந்த நல்லெண்ணத்துக்குள்ளேயே அதிகாரம் ஒளிந்திருக்கிறதே என்பது சின்னவர் கட்சி. தெரிதா மூன்று கேள்வி கேட்டார். அந்தக் கேள்விகளே தமக்குச் சரியாகப் புரியவில்லை என்றார் கடாமர். யாரும் எரியவில்லை, விழக் குளமும் இல்லை.

இதற்குப் பாரிஸ் போக வேண்டுமா? லுக்குட்காரனுக்கு இது பழைய சரக்கு. இந்த ஊரே 1880-இல் சிலாங்கூரிலிருந்து சுங்கை ஊஜோங்குக்குக் காகிதத்தில் கைமாறியது. ராஜா ஜுமாஅத் கட்டிய கோட்டை அரை அடி நகரவில்லை. அது எந்த நாட்டில் இருக்கிறது என்ற வாசிப்புதான் மாறியது. அப்புறம் வந்த ரப்பர்த் தோட்டங்களில் விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டே உரைமரபுதான். துரை இங்கிலீஷில் எழுதுவார், தோட்ட எழுத்தரான கிராணி தமிழில் ஒரு மாதிரி சொல்வார், வேலை வாங்கும் தண்டல் வேறு மாதிரி சொல்வார்.

"துரை நம்ம நல்லதுக்குத்தாம்பா சொல்றாரு" என்பார் கிராணி. கடாமர்.

"நல்லதுக்குன்னா ஏங்க ஐயா சம்பளத்துல கை வைக்கிறாரு?" என்பாள் பால் வாளியோடு நிற்கும் பெண். தெரிதா.

நல்லெண்ணத்தோடு வாசி என்று துரையிடம் யாரும் சொன்னதில்லை. அந்தப் புத்திமதி எப்போதும் வாளி தூக்குகிறவர்களுக்குத்தான்.

மதுரைக்கு வருவோம். 49 பேரும் நடுவர் கேட்டார்கள். உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மனைக் கைகாட்டினார் கடவுள். வயது ஐந்து, வாய் பேசாது. உரைகாரர்களுக்கு இதைவிடத் தோதான நடுவர் கிடைப்பாரா? பிள்ளைக்கு வெள்ளை உடுத்தி, பூச்சூட்டி, உயரத்தில் உட்காரவைத்து எல்லா உரையும் வாசித்தார்கள். மருதன் இளநாகனார் உரைக்கு அங்கங்கே கண்ணீர், மயிர்க்கூச்சு. நக்கீரர் உரைக்குச் சொல்லுக்குச் சொல் அழுகை. அதுவே மெய்யுரை என்று தீர்ப்பாயிற்று.

இதை நமக்குச் சொல்வது யார்? நக்கீரர் வழியில் பத்துத் தலைமுறை வாய்மொழியாக வந்த அதே உரை. ஜெயித்த கட்சியே தீர்ப்பின் நகலையும் எழுதியிருக்கிறது. பிள்ளை ஏன் அழுதது என்று பிள்ளையிடம் யாரும் கேட்கவில்லை, கேட்டாலும் சொல்லாது. வரிசையாக 49 உரையைக் கேட்கவைத்தால் ஐந்து வயசுப் பிள்ளை அழாமல் வேறென்ன செய்யும்?