‘நகர்’ என்னும் வினை: சயான் முதல் தாதர் வரை ஓர் ஆராய்ச்சி

‘ஊர்’ என்றால் குடியிருக்கும் இடம். எறும்பைப் போல் மெல்லப் போ என்றும் பொருள். ‘நகர்’ என்பதும் அப்படியே. இருக்கும் இடத்துக்கும் அதை விட்டுப் பெயர்வதற்கும் ஒரே சொல்லை வைத்த முன்னோர், திருநெல்வேலியை ‘ஊர்’ என்றும் மும்பைத் தாராவி வீட்டை ‘ரூம்’ என்றும் சொல்லப்போகிறவர்களை அன்றே கண்டுகொண்டார்கள் போலும்.

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவால் பிரித்தார், காலால் பிரிக்கவில்லை. அந்தக் குறை தீர, ஒருநாள் காலை எட்டரை மணிக்கு மாட்டுங்கா போகக் கிளம்பிய நானே சோதனைப் பொருளானேன்.

தாராவிச் சந்தில் எதிரே ஓர் அம்மாள் தண்ணீர்க் குடத்தோடு வந்தார். முதுகைச் சுவரில் ஒட்டிப் பக்கவாட்டில் நழுவினேன். நண்டின் கால் மூட்டுகள் பக்கவாட்டில்தான் நன்றாக மடங்கும், அதற்கு அது இயல்பு. எனக்கோ ஆறறிவிலிருந்து நான்கறிவுக்கு இறக்கம். நண்டைத் தொல்காப்பியர் வைத்த இடம் அது. சயான் நடைமேம்பாலத்தில் முன்னவர் செருப்பை மட்டும் பார்த்து ஏறினேன். முன்னது விட்ட வாசனைத் தடத்தில் போகும் எறும்புக்கு மூன்றறிவு.

இனி ரயில். 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தானேக்கு 34 கிலோமீட்டர் ஓடிய முதல் வண்டியில் 14 பெட்டிகள், 400 விருந்தினர். பெட்டிக்கு முப்பது பேர்கூட இல்லை. இன்றைய நெரிசலுக்கு ரயில்வேக்காரர்களே ‘சூப்பர் டென்ஸ் க்ரஷ் லோட்’ என்று நாமகரணம் செய்திருக்கிறார்கள்: ஒரு சதுர மீட்டரில் 14 முதல் 16 பேர். இதில் ‘ஏறினேன்’ என்பது இலக்கணப் பிழை, ‘ஏற்றப்பட்டேன்’ என்க. நத்தைகூடப் பாதத் தசையை அலையலையாகச் சுருக்கித் தானே நகர்கிறது. நான் ஒரு தசையையும் அசைக்கவில்லை. ஆகவே நத்தையின் இரண்டறிவும் எனக்கு அதிகம். ஓரறிவு மரமே பொருத்தம்.

மரம் இடம்பெயருமோ எனின், பெயர்ந்தது. மாட்டுங்காவில் இறங்க வேண்டிய மரம் தாதரில் இறக்கப்பட்டது. “இறங்கணும்னா மொதல்லயே சொல்லணும்லா அண்ணாச்சி” என்றார் பக்கத்து மரம்.

மாட்டுங்காவில் இறங்குகிறவர்கள் குர்லாவிலேயே கதவுப் பக்கம் வந்துவிடுங்கள். சயானில் ஏறுகிறவர்கள் நடந்தே போங்கள். அரை மணி நேரம்தான்.