அந்தப் பாட்டிலில் எத்தனை கிராம்?

இந்த வாரக் கேள்விகள் அத்தனையும் திருநெல்வேலி மாவட்டத்து முக்கூடலிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் வந்தவை. பொருள் ஒன்றுதான்: நானோ. உரக்கடை, பீடி சுற்றும் திண்ணை, பள்ளிக்கூடம் என்று எல்லா இடத்துக்கும் அது வந்துவிட்டது. கேட்டவர்களின் பெயரைப் போடவில்லை. ஊரும் தொழிலும் போதும்.

கேள்வி: ஒரு நானோ மீட்டர் எவ்வளவு சின்னது? அதில் என்ன விசேஷம்?
(எட்டாம் வகுப்பு மாணவன், முக்கூடல்)

பதில்: உன் விரல் நகம் வினாடிக்கு ஏறக்குறைய 1 நானோ மீட்டர் வளர்கிறது. தலைமுடி ஒன்றின் பருமன் சுமார் 80,000 முதல் 1,00,000 நானோ மீட்டர். கொரோனா கிருமி சுமார் 100. டி.என்.ஏ. இழையின் அகலம் 2. பொதுவாக 1 முதல் 100 வரையிலான அளவில் இருப்பதைத்தான் நானோ பொருள் என்கிறார்கள். விசேஷம் என்னவென்றால், அந்த அளவுக்குப் போனதும் பொருளின் குணமே மாறுகிறது. மஞ்சள் தங்கம் நானோ துகளாகித் தண்ணீரில் மிதந்தால் சிவப்பாகத் தெரியும். 1857 இல் மைக்கேல் ஃபாரடே இதை ஆராய்ந்தார். துண்டு சிறுக்கச் சிறுக்க, உள்ளே ஒளிந்திருக்கும் அணுக்கள் குறைந்து, வெளிப்பக்கம் நிற்கும் அணுக்களின் பங்கு கூடும். மற்ற பொருளோடு வினைபுரிவது அந்த வெளிப்பக்க அணுக்கள்தான்.

கேள்வி: பிசானப் பருவ நெல்லுக்கு யூரியா வாங்கப் போனால், ஒரு மூட்டைக்குப் பதில் நானோ யூரியா ஒரு பாட்டில் போதும் என்கிறார்கள். போதுமா?
(நெல் விவசாயி, அரியநாயகிபுரம்)

பதில்: போதாது, அண்ணாச்சி. பாட்டிலில் ஒட்டியிருக்கும் தாளைப் பார்த்து நீங்களே கணக்குப் போடலாம். 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து 46 சதவிகிதம். அதாவது 20 கிலோ 700 கிராம். 2021 இல் இஃப்கோ உரக் கூட்டுறவு நிறுவனம் கொண்டுவந்த நானோ யூரியாவில் தழைச்சத்து 4 சதவிகிதம். 500 மில்லி பாட்டிலில் 20 கிராம். மூட்டையில் இருப்பது ஆயிரம் மடங்கு. பின்னால் வந்த நானோ யூரியா பிளஸ்ஸில் சத்தைக் கூட்டினார்கள். அதை 20 சதவிகிதம் என்று வைத்தாலும் பாட்டிலுக்கு 100 கிராம்தான்.

நெல் என்ன கேட்கிறது? ஒரு டன் நெல் விளைய 15 முதல் 20 கிலோ தழைச்சத்து வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மத்திய, நீண்ட கால ரகங்களுக்குச் சொல்லும் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்கு 150 கிலோ. ஏக்கருக்கு 60 கிலோ.

இஃப்கோ தரப்பின் வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். மண்ணில் போடுகிற யூரியாவில் பாதிக்கு மேல் காற்றோடும் தண்ணீரோடும் வீணாகிறது, இலையில் தெளித்தால் நேரே பயிருக்குப் போகும், விளைச்சல் சராசரி 8 சதவிகிதம் கூடுகிறது என்பது அவர்கள் சொல்வது. வீணாவது உண்மை. ஆனால் பாதி வீணானாலும் ஒரு மூட்டையிலிருந்து பயிருக்கு 10 கிலோ போய்ச் சேர்கிறது. பாட்டிலில் இருப்பது ஒரு சொட்டு விடாமல் சேர்ந்தாலும் 20 கிராம்தான் சேரும். துகளைச் சிறிதாக்கினால் மேற்பரப்பு பெருகும், எடை பெருகாது.

பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகம் இரண்டு ஆண்டு வயலில் போட்டுப் பார்த்தது. பரிந்துரைத்த தழைச்சத்தில் பாதியைக் குறைத்து அதற்கு ஈடாக நானோ யூரியா தெளித்ததில், நெல் விளைச்சல் 13 சதவிகிதம் குறைந்தது. கோதுமை 21.6 சதவிகிதம். தானியத்தில் புரதமும் இறங்கியது. 2023 இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் மாக்ஸ் ஃபிராங்க், சோரன் ஹுஸ்டெட் இருவரும் ‘பிளான்ட் அண்ட் சாயில்’ இதழில் இந்த உரத்தைப் பற்றிய அறிவியல் கூற்றுகளுக்கு ஆதாரம் போதாது என்று கடுமையாகவே எழுதினார்கள். என் முடிவு இதுதான்: சத்துக் குறைந்த நேரத்தில் இலைக்குக் கொடுக்கும் சிறு துணையாக யாராவது பயன்படுத்தினால் சரி, மூட்டைக்கு மாற்று என்று சொல்லி விற்பது விவசாயிக்குச் செய்யும் அநியாயம். யூரியா கேட்பவரிடம் வேறு எதையும் சேர்த்து வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய அரசே அறிவுறுத்தியிருக்கிறது. தைரியமாக மறுக்கலாம்.

கேள்வி: ஏற்கெனவே வாங்கியாச்சே, இப்போ என்ன செய்ய?
(அதே ஊர், இன்னொரு விவசாயி)

பதில்: வயலை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்றில் வழக்கமான உரம் மட்டும். அடுத்ததில் பாதி உரமும் நானோ தெளிப்பும். மூன்றாவதில் பாதி உரமும் வெறும் தண்ணீர்த் தெளிப்பும். மூன்றாவது இல்லாவிட்டால் பாட்டில் என்ன செய்தது என்று தெரியவே தெரியாது. அறுத்து அடித்து மூன்றையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். யூரியாச் செலவைக் குறைக்க வேறு வழியும் இருக்கிறது. இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து, பச்சை வெளிறும்போது மட்டும் போட்டால் தேவையில்லாமல் வீசுவது நிற்கும்.

கேள்வி: அப்போ நானோ விவசாயத்துக்கு உதவவே உதவாதா?
(வேளாண்மை மாணவி, சேரன்மகாதேவி)

பதில்: உதவும். கணக்குச் சரியாக இருந்தால் நிச்சயம் உதவும். இலங்கையில் ஸ்லின்டெக் என்ற நானோ ஆய்வு நிறுவனத்தில் நில்வலா கொட்டேகொட குழுவினர், எலும்பிலும் பல்லிலும் இருக்கிற ஹைட்ராக்சி அப்படைட் என்ற கால்சியம் பாஸ்பேட்டின் நானோ துகள்களில் யூரியாவைப் பிணைத்தார்கள். ஒரு பங்குக்கு ஆறு பங்கு யூரியா. தழைச்சத்து 40 சதவிகிதம், கிட்டத்தட்ட மூட்டை யூரியாவுக்குச் சமம். வித்தியாசம், அது தண்ணீரில் சட்டென்று கரைந்து ஓடாமல் மெதுவாக விடும். நெல் வயலில் பாதி யூரியாவோடு விளைச்சல் குறையாமல் நின்றது என்று 2017 இல் ‘ஏசிஎஸ் நானோ’ இதழில் வெளியிட்டார்கள். இரண்டுக்கும் பெயரில் நானோ இருக்கிறது. ஒன்று சத்தைச் சொட்டாக்கியது. இது சத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஓட்டத்தைத் தடுத்தது.

கோயம்புத்தூரில் நம் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகமும் இலங்கை ஆய்வாளர்களும் சேர்ந்து ஹெக்சனல் என்ற தாவரப் பொருளை நானோ வடிவில் மாம்பழத்துக்குப் பயன்படுத்தினார்கள். பழத்தின் செல் சவ்வு சிதைவதை அது தாமதப்படுத்தும். பழம் கூடுதல் நாள் தாங்கும். அறுவடைக்குப் பிந்தைய இழப்பைக் குறைக்க இதுபோன்ற ஆராய்ச்சிக்குத்தான் இன்னும் பணம் போக வேண்டும் என்பேன்.

கேள்வி: நாங்க வீட்டுல பீடி சுத்துறோம். சுளகுல இருக்கிற தூள் மூச்சுல போகுதே, அது நானோவா? ஆபத்தா?
(பீடித் தொழிலாளி, முக்கூடல்)

பதில்: அக்கா, சுளகில் பறக்கும் தூளில் பெரும்பகுதி நானோ இல்லை, ஆயிரக்கணக்கான நானோ மீட்டர் அளவு. பெரியது மூக்கிலும் தொண்டையிலும் தங்கித் தும்மலும் இருமலும் தரும். நுண்ணியது நுரையீரல் வரை இறங்கும். நானோ அளவுத் துகள்கள் நிறைய இருப்பது பீடியைப் பற்றவைத்த பிறகு வரும் புகையில். அவை நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும், சில ரத்தத்திலும் கலக்கும். அதனால் வீட்டுக்குள் ஒருவர் குடித்தால் பக்கத்தில் இருக்கும் குழந்தையும் குடிக்கிறது.

உங்களுக்கு இன்னொரு வழியும் முக்கியம்: கைத்தோல். புகையிலையைத் தொட்டுக்கொண்டே இருந்தால் நிகோடின் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். பீடி சுற்றுவோரின் சிறுநீரில் அதன் தடயத்தை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். காற்றோட்டமான திண்ணையில் சுற்றுங்கள், மூக்கை மூடித் துணி கட்டுங்கள், சோறு பிசையும் முன்னால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், தொட்டில் பிள்ளையைச் சுளகுக்கு எட்டத்தில் வையுங்கள். வயிற்றில் பிள்ளை இருக்கும் மாதங்களில் இந்த வேலையிலிருந்து விலகி இருக்க வழி செய்வது கம்பெனிகளுக்கும் அரசுக்கும் உள்ள கடமை. அதை உங்கள் சாமர்த்தியத்தின் தலையில் கட்டக் கூடாது.

கேள்வி: கீழடிப் பானையில் நானோ குழாய் கண்டுபிடித்தார்களாமே! நம் முன்னோர்களுக்கு நானோ தெரியுமா?
(வரலாற்று ஆசிரியர், பாப்பாக்குடி)

பதில்: கண்டுபிடித்தது உண்மை. வேலூர் வி.ஐ.டி. ஆய்வாளர்களும் உடனிருந்தவர்களும் 2020 நவம்பரில் ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் எழுதினார்கள். கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த கீழடி ஓடுகளின் உட்பக்கக் கறுப்புப் பூச்சில் கார்பன் நானோ குழாய்கள். ஒற்றைச் சுவர், பல சுவர் என இரண்டு வகையும் உண்டு. சராசரி விட்டம் 0.6 நானோ மீட்டர். அதற்கு முன்னால் தெரிந்த பழைய உதாரணம் டமாஸ்கஸ் வாள். ஜெர்மனியின் டிரெஸ்டனில் பீட்டர் பாஃப்லர் குழு 2006 இல் காட்டியது. அந்த வாள்களுக்கான உருக்கு இரும்பு போனதும் தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும்தான்.

முன்னோருக்குத் தெரியுமா என்றால், குழாய் தெரியாது, வேலை தெரியும். செடிச்சாறு ஏதாவது பூசி மிகுந்த சூட்டில் சுட்டதால் உருவாகியிருக்கலாம் என்பது ஊகம். எந்தச் சாறு, எத்தனை சூடு என்பதை இன்று யாராவது சுட்டுக் காட்ட வேண்டும். இருபத்தைந்து நூற்றாண்டு உரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு பூச்சைச் செய்த குயவரை மதிக்க, அவருக்கு விஞ்ஞானிப் பட்டம் கட்ட வேண்டியதில்லை. ஆதிச்சநல்லூரும் சிவகளையும் நம் தாமிரபரணிக் கரையில்தான் இருக்கின்றன. அங்கே கிடைத்த கறுப்பு சிவப்பு ஓடுகளின் கறுப்பையும் இதே போல ஆராய்ந்தால் என்ன கிடைக்கும் என்று அறிய எனக்குப் பேராசை.

கேள்வி: சித்த மருத்துவப் பற்பம், செந்தூரம் எல்லாம் நானோதானே? பயமில்லாமல் சாப்பிடலாமா?
(ஓய்வுபெற்ற தபால்காரர், முக்கூடல்)

பதில்: சில பற்பங்களில் நானோ அளவுத் துகள்களைப் பார்த்திருக்கிறார்கள். அது அளவைப் பற்றிய செய்தி. பாதுகாப்பைப் பற்றியது இல்லை. பாதரசம், ஈயம் எந்த அளவில் இருந்தாலும் கேள்வி கேட்கத்தான் வேண்டும். உணவில் வெள்ளை நிறத்துக்குச் சேர்க்கும் டைட்டானியம் டை ஆக்சைடை ஐரோப்பிய ஒன்றியம் 2022 இல் தடை செய்ததற்கு அதிலிருந்த நானோ துகள்களும் ஒரு காரணம். பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. படித்த மருத்துவரிடம் காட்டிச் சாப்பிடுங்கள்.

கேள்வி: தாமிரபரணித் தண்ணீரை நானோ வடிகட்டி சுத்தம் செய்துவிடுமா?
(இல்லத்தரசி, முக்கூடல்)

பதில்: வடிகட்டி எதற்காகச் செய்ததோ அதைத்தான் எடுக்கும். சென்னை ஐ.ஐ.டி.யில் தலப்பில் பிரதீப் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதில் உழைக்கிறார். வெள்ளி நானோ துகளால் தண்ணீரில் இருக்கும் பூச்சிமருந்தைச் சிதைத்துக் காட்டினார். அது வீட்டு வடிகட்டியாகச் சந்தைக்கும் வந்தது. அடுத்து ‘அம்ரித்’: இரும்பு சேர்ந்த நானோ பொருளை நண்டு, இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானோடு சேர்த்து, தண்ணீரிலிருந்து ஆர்சனிக்கை இழுத்துக்கொள்ளும் பொருள். ஆர்சனிக் கலந்த நிலத்தடி நீரைக் குடிக்கும் வட மாநில ஊர்களுக்கு அது உயிர்காக்கும் வேலை. 2020 இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

நம் ஆற்றின் நோய் வேறு. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் வரை வழிநெடுக ஊர்ச் சாக்கடையும் குப்பையும் அதில் விழுகின்றன. அதற்கு மருந்து கரையில்தான் இருக்கிறது: சாக்கடைக் குழாயை ஆற்றில் விடாமல் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திருப்ப வேண்டும். பாட்டில் தண்ணீர் வாங்கித் தப்பிக்கலாம் என்றும் எண்ண வேண்டாம். 2024 இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் அமெரிக்காவில் விற்கும் பாட்டில் தண்ணீரை ஆராய்ந்ததில், லிட்டருக்குச் சராசரி 2,40,000 பிளாஸ்டிக் துகள்கள். அதில் பத்தில் ஒன்பது நானோ அளவு.

கேள்வி: என் போன் சிப்பு 3 நானோ மீட்டர் என்கிறார்களே?
(மொபைல் கடைக்காரர், முக்கூடல்)

பதில்: அது தலைமுறைக்கு வைத்த பெயர். உள்ளே எந்தப் பாகமும் சரியாக 3 நானோ மீட்டர் இல்லை. கடையில் கியூ.எல்.இ.டி. டிவி இருந்தால் அதைக் காட்டுங்கள். அதன் நிறத்துக்குப் பின்னால் இருப்பவை நிஜ நானோ துகள்கள். ஒரே பொருள், துகள் சிறியதானால் நீலம், பெரியதானால் சிவப்பு. இதற்கு அடித்தளம் போட்ட பவெண்டி, புருஸ், எகிமோவ் மூவரும் 2023 இல் வேதியியல் நோபல் பெற்றார்கள்.

கேள்வி: பல்லி ஏன் விழுவதில்லை?
(ஆறாம் வகுப்பு மாணவி, முக்கூடல்)

பதில்: அதன் பாதத்தில் லட்சக்கணக்கான நுண்மயிர்கள், ஒவ்வொன்றின் நுனியும் பிரிந்து பிரிந்து கடைசியில் 200 நானோ மீட்டர் அகலத்துக்கு வருகிறது. அத்தனை நெருக்கத்தில் சுவரின் மூலக்கூறுகளும் பாதத்தின் மூலக்கூறுகளும் ஒன்றையொன்று இழுக்கின்றன. பசை கிடையாது.

கேள்வி: அம்மா பீடி சுற்றிப் படிக்க வைக்கிறார்கள். இந்தத் துறைக்குப் போக என்ன படிக்க வேண்டும்?
(பிளஸ் டூ மாணவி, முக்கூடல்)

பதில்: தங்கச்சி, இளங்கலையில் நானோ என்று பெயர் போட்ட படிப்பைத் தேடி ஓடாதே. இயற்பியல் அல்லது வேதியியலை ஆழமாகப் படி. அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது. எம்.எஸ்சி.க்கு ஐ.ஐ.டி.கள் போக ஜாம் தேர்வு எழுது. ஆராய்ச்சிக்கு மொகாலியிலும் பெங்களூரிலும் நானோவுக்கென்றே மத்திய அரசு நிறுவனங்கள் உண்டு. கீழடிப் பூச்சில் இருப்பது நானோ குழாய் என்று முதலில் காட்டிக்கொடுத்தது ராமன் நிறமாலைமானி. திருச்சி திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன் 1928 இல் கண்ட விளைவில் இயங்கும் கருவி அது. அதன் அடிப்படையை இப்போதே படித்து வை.

அம்மாவிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்கிறதா என்று இன்றே கேள். அந்த அட்டை இருந்தால் பிள்ளைகளின் படிப்புக்கு மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் உதவித்தொகை உண்டு. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வங்கிக் கணக்கு உன் பெயரில் இருக்கட்டும், ஆதார் அதோடு இணைந்திருக்கட்டும். கடைசித் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். தலைமை ஆசிரியரிடம் இந்த வாரமே விசாரி.